பினாங்குக்கு நான் கொண்டுபோன சான்றிதழ்

பினாங்குக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது என் மனைவி கோமதியை. அங்கே ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்கள் தட்டுப்பாடில்லாமல் வந்து சேரத் திட்டமிடும் வேலை. இரண்டு சுற்று நேர்காணல் கணினித் திரையிலேயே முடிந்துவிட்டது. கடைசிச் சுற்றுக்கு நேரில் வரச்சொல்லி அவளுக்கு மட்டும் விமான டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். என் டிக்கெட்டை நானே வாங்கிக்கொண்டு கூடக் கிளம்பினேன். கணவன் என்ற உரிமையில் அல்ல, நிபுணன் என்ற மிதப்பில்.

தாம்பரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில், மாணவர்களை வேலைக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எப்படிக் கைகுலுக்குவது, எவ்வளவு சிரிப்பது, ‘உன் பலவீனம் என்ன’ என்று கேட்டால் ‘அளவுக்கு மீறி உழைப்பதுதான் சார்’ என்று எப்படி முகம் மாறாமல் சொல்வது, இதையெல்லாம் பையன்களுக்குச் சொல்லித்தருவது என் பிழைப்பு. பதினைந்து வருடமாகச் செய்கிறேன். என்னை மட்டும் இதுவரை யாரும் நேர்காணல் செய்ததில்லை. தாளாளர் எனக்குத் தூரத்துச் சொந்தம்.

கோமதி படித்து முடித்து ஆறு வருடம் வேலை பார்த்தாள். மகள் பிறந்தாள், அடுத்த வருடமே என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, அவள் வேலையை விட்டாள். எட்டு வருடம் வீட்டில் இருந்தாள். அப்பா காலமான பிறகு, மூன்று வருடங்களுக்கு முன் மறைமலைநகரில் உலோகப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அந்தப் பெட்டிகள் போவது பினாங்குத் தொழிற்சாலைக்கு. வாராவாரம் செவ்வாய்க்கிழமை அவர்களோடு திரையில் கூட்டம். அதில் இவள் பேசுவதைக் கேட்டுத்தான் அங்கிருந்த மேலாளர், விண்ணப்பம் போடுங்கள் என்று தானாகச் சொன்னார். வேலை கிடைத்தால் அவள் முதலில் போவது, பள்ளி ஆண்டு முடிந்ததும் மகளும் நானும் பின்னால் போவது என்று பேச்சு. பதினோரு வருடத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

அந்த எட்டு வருட இடைவெளி அவளைவிட என்னைத்தான் உறுத்தியது. இடைவெளி இருந்தால் மூடு என்பது என் வகுப்பின் முதல் பாடம். எங்கள் பக்கத்தில் அனுபவச் சான்றிதழ் வாங்கித்தருவது கல்யாணத்துக்கு மொய் எழுதுவது போல. இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. கேட்பவனுக்கும் கூச்சம் கிடையாது, கொடுப்பவனும் யோசிப்பதில்லை. நண்பன் ராஜசேகர் அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறான். கோமதி எட்டு ஆண்டுகள் தங்கள் நிறுவனத்தில் பகுதிநேர ஆலோசகராக இருந்தார் என்று அவன் லெட்டர்ஹெட்டில் நான் எழுதினேன், அவன் முத்திரை குத்தினான். தன்விவரக் குறிப்பிலும் அதற்கு ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியைக் கோமதி எப்படியோ பார்த்துவிட்டாள். “இதென்ன? எடுத்துடுங்க” என்றாள். எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்காமலேயே சான்றிதழோடு சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினேன். சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் அதன் நகலில் அவள் கையெழுத்து இருந்தது. நகல் எதுவானாலும் அதன்மேல் நாமே கையெழுத்திட்டு ‘உண்மை’ என்று உறுதி சொல்வது நம் ஊர் அலுவலகங்களின் சடங்கு. பினாங்குக்காரர்கள் கேட்கவேயில்லை. கேட்காவிட்டாலும் போடுவது நல்லது என்று ஒரு கட்டு நகல்களை அவள் முன்னால் வைத்தேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் நீட்டும் காகிதத்தில் அவள் படிக்காமல் கையெழுத்துப் போடுவாள். வருமானவரிப் படிவம் முதல் மகளின் பள்ளிச் சுற்றுலா வரை எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்துவந்தது. கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வரிசையாகப் போட்டுக் கொடுத்தாள்.

முதல் நாள் மதியம் ஜார்ஜ் டவுனில் இறங்கினோம். தங்கிய இடம் லெபோ பாசார் பக்கம், ஒரு புடவைக் கடைக்கு மேல். கீழே வந்தால் பூமாலைக் கடை, எவர்சில்வர் கடை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. இதற்கு மயிலாப்பூருக்கே பஸ் ஏறியிருக்கலாம் என்றேன். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைவழி தெரு நெடுகப் போகிறது, வெயிலும் படாமல் மழையும் படாமல் நடக்கலாம். ஆனால் ஒருவர் வாளிகளை அடுக்கியிருக்கிறார், அடுத்தவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். கடைசியில் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அந்த விஷயத்தில் ஊரை விட்டு வந்ததாகவே தோன்றவில்லை.

அங்கே ஒட்டுக்கடை என்று சொல்லும் ஒரு சாலையோரக் கடையில் டீ கேட்டேன். “தேயா, தே ஓவா?” என்றார் கடைக்கார அக்கா. பால் போட்டதா, போடாததா என்று அர்த்தமாம். பிறகு சூடா ஐஸா, சீனி குறைவா நிறைவா, இங்கேயே குடிக்கவா கட்டிக்கொண்டு போகவா என்று வரிசையாகக் கேள்வி. “பார் கோமதி, உனக்கு முன்னால எனக்கு இண்டர்வியூ ஆரம்பிச்சாச்சு” என்றேன். அவள் சிரித்தாள். அந்தப் பயணத்தில் என் பேச்சுக்கு அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் அசாம் லக்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. புளிக்குழம்பில் மீனை உதிர்த்துப்போட்டு, தடித்த நூடுல்ஸ், அன்னாசி, புதினா எல்லாம் சேர்த்து வரும் கிண்ணம். புளி வாசனை எங்கள் மேசை வரை வந்தது. கோமதி மீன் குழம்புக்காரி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். “ஒண்ணு வாங்கலாமா?” என்றாள். நேர்காணல் முடிகிறவரை புதுச் சாப்பாடு எதுவும் கூடாது, வயிறு கெட்டால் என்ன செய்வாய் என்று தடுத்துவிட்டேன். இரண்டு தோசை வந்தது. சாப்பிட்டாள்.

சாயங்காலம் அறைக்குள் ஒத்திகை. நான் கட்டிலில் உட்கார்ந்து அதிகாரி ஆனேன். கோமதிக்குப் பதற்றம் வந்தால் கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவக்கும், உள்ளங்கை வேர்க்கும். கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னாள். பேனாவால் தட்டி நிறுத்தினேன். ‘முயற்சி செய்தேன்’ என்று சொல்லாதே, ‘சாதித்தேன்’ என்று சொல். தலையை ஆட்டாதே. குரலை இறக்கு. பத்தாவது தடவை தடங்கலில்லாமல் ஒப்பித்தாள், என் இறுதியாண்டு மாணவர்கள் எல்லாரும் அவளிடம் தோற்றார்கள். பெருமையாக இருந்தது.

“பேசறது யாருன்னு எனக்கே தெரியலங்க” என்றாள்.

இரண்டாவது நாள் வெள்ளோட்டம். பரீட்சை எழுதப்போகும் பள்ளிக்கூடத்தை முந்தின நாளே போய்ப் பார்த்து, வழியும் வாசலும் தெரிந்துகொண்டு வருவது நம் ஊர் வழக்கம். அதை நான் கடல் கடந்தும் விடவில்லை. தொழிற்சாலை தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் இருந்தது. படகுத்துறைப் பக்கத்துப் பேருந்து நிலையத்தில் ஒரு பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. “டிரைவரைக் கேட்டுட்டு ஏறலாங்க” என்றாள். கேட்டு ஏறுவது என் சுபாவம் இல்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது, நானும் மடியில் கேள்வித்தாளை வைத்து அவளைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அரைமணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கினால் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மலை. பஸ் வடக்கே வந்துவிட்டிருந்தது. பத்து பெரிங்கி என்ற கடற்கரையில் இறக்கிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோமதிக்கோ சிரிப்பு தாங்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய் நின்றாள். மெரினா அலையின் மூர்க்கம் அங்கே இல்லை. சின்னச் சின்ன அலை. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் குதிரைக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மணலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்து, “அந்த எட்டு வருஷத்தப் பத்திக் கேட்டா நான் உள்ளதச் சொல்லிடப் போறேன்” என்றாள்.

“உள்ளதுன்னா? என்னத்தச் சொல்லுவ? மாமனாருக்கு மருந்து குடுத்தேன், பொண்ணுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுத்தேன்னா?”

“அது மட்டுமா செஞ்சேன்?”

“சரி, அது வேணாம் விடு. குடும்பச் சூழ்நிலைன்னு ஒரே வாக்கியம், அடுத்த கேள்விக்குப் போயிடணும்.”

வேறு என்ன செய்தாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். நான் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கரையேறி வந்து, காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி வரிய எடுத்துட்டீங்கல்ல?”

“எடுத்தாச்சு, எடுத்தாச்சு.”

இந்தப் பயணத்தில் நான் செய்த மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தையை இரண்டு தடவை சொன்னேன் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

திரும்புவதற்குக் கைபேசியில் கார் கூப்பிட்டோம். ஓட்டிவந்தவர் சந்திரன், என் வயதுதான் இருக்கும். “ஊர்ல இருந்து வந்திருக்கீங்களா அண்ணே?” என்றார். ஊர் என்றால் அங்கே இந்தியா. தினமும் காலையில் பாகான் டாலாமிலிருந்து பாலத்தில் வண்டியோட்டிக்கொண்டு தீவுக்கு வருகிறாராம். விஷயத்தைச் சொன்னதும், அப்படியே பாயான் லெப்பாஸுக்குப் போய்த் தொழிற்சாலையைக் காட்டிவிட்டு டவுனில் விடுகிறேன் என்றார்.

“நானும் ஃபேக்டரி இண்டர்வியூக்கு மூணு தடவ போனேன் அண்ணே. மூணு தடவயும் பிரிட்ஜ்ல ஜாம், லேட்டு. நாலாவது தடவ கூப்பிட்டப்ப, வேணாம் லா, நான் காடியே ஓட்டிக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

காடி என்றால் அங்கே கார். கோமதி சிரித்துவிட்டு, “இங்க ரொம்பக் கேள்வி கேப்பாங்களாண்ணே?” என்றாள்.

“கேள்வி கம்மிதான் அக்கா. பேப்பரத்தான் துருவுவாங்க. என் மச்சினன் ஒருத்தன், டிப்ளோமா முடிக்கவே இல்ல, முடிச்சேன்னு எழுதிட்டான். வேலைல சேந்து எட்டு மாசம் கழிச்சி கண்டுபிடிச்சி, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முடிக்கலன்னு சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பாங்க லா அவன. நல்ல வேலக்காரன்.”

கண்ணாடியில் கோமதியின் முகம் தெரிந்தது. நான் டுரியான் பழம் எந்த மாதத்தில் கிடைக்கும் என்று கேட்டேன். அதற்கு அவர் வழியில் பாலம் தெரிகிறவரை பதில் சொன்னார்.

அன்று பிற்பகல் முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. கோமதி தூங்கினாள். கோப்பு மேசைமேல் கிடந்தது. கிளிப்பைத் தளர்த்தி அந்த ஒரு தாளை உருவியிருக்கலாம். தவறுதலாக இணைத்துவிட்டோம் என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், சான்றிதழ் சற்று முன்னால் தெரியட்டும் என்று அதைப் பட்டச் சான்றிதழுக்கு அடுத்ததாக மாற்றி வைத்தேன்.

மூன்றாவது நாள் காலை சந்திரனின் காரிலேயே போனோம். நேர்காணல் அவளுக்கு, டை கட்டியது நான். வரவேற்பறையில் பணியாளர் பிரிவிலிருந்து புஷ்பா என்ற பெண் வந்து கோமதியை அழைத்துப்போனார். சுங்கை பாக்காப் பக்கத்துத் தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும். எழுந்துபோகும்போது கோமதியின் கழுத்து சிவந்திருந்தது. கோப்பை நான்தான் அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் என்றார்கள். ஒன்றேகால் ஆயிற்று. நடுவில் ஒருமுறை உள்கதவு திறந்தபோது பல பேர் சேர்ந்து சிரிப்பது கேட்டது. என் பயிற்சி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்கு எந்தப் பள்ளி, எனக்கு அங்கே என்ன வேலை தேடலாம் என்பது வரை மனம் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் புஷ்பா தனியாக வந்தார். கையில் எனக்கு ஒரு கோப்பைத் தே ஓ.

“குடிங்க அண்ணே. அக்கா முகம் கழுவிட்டு வராங்க.”

“எப்படிப் பண்ணா?”

“நான் உள்ள நோட்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தேன்.” எதிரே உட்கார்ந்தார். “மொதல்ல சரியா வரல லா. மனப்பாடம் பண்ண மாதிரி பேசுனாங்க. எங்க மேனேஜர் சீனரு, வாராவாரம் அவங்ககிட்ட பேசுறவரு. என்னாச்சு கோமதி, செவ்வாக்கெழம பேசுற ஆளு இது இல்லயேன்னு கேட்டுட்டாரு. அப்புறம் அவரே, சரி, அந்த எட்டு வருஷம் என்ன செஞ்சீங்க, சும்மா பேசுங்கன்னாரு. தண்ணி லாரி கதய சொன்னாங்க பாருங்க!”

“என்ன லாரி?”

புஷ்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “உங்க ஃப்ளாட்ல அண்ணே. போர்ல தண்ணி வத்திப் போயி, ஆறு ப்ளாக்குக்கும் லாரியில வாங்குனீங்களாமே. ஒரு நாள் மூணு லாரி சேந்தாப்ல வரும், அடுத்த ரெண்டு நாள் ஒண்ணுமே வராது, ஒரே சண்டயாம். இவங்க ஒவ்வொரு ப்ளாக்கு தொட்டிக்கும் கோடு போட்ட குச்சி ஒண்ணு குடுத்து, சாயங்காலம் அளந்து ஃபோன் போட சொல்லியிருக்காங்க. எந்தத் தொட்டி எப்ப தீரும்னு கணக்குப் போட்டு, லாரிக்காரங்களுக்கு டைம் குடுத்து, நாலு வருஷம் ஓட்டியிருக்காங்க. டயாலிசிஸ் பண்ற தாத்தா ஒருத்தர் வீட்டுக்கு மட்டும் எப்பவும் தனியா எடுத்து வெச்சிருவாங்களாம். எங்க ஃபேக்டரில ஸ்டாக் பாக்கறது அப்படியே இதுதான் அண்ணே. மேனேஜர் எழுந்து போயி போர்டு பேனாவ அவங்க கையில குடுத்துட்டாரு. வரைஞ்சி வரைஞ்சி காட்டுனாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க, கேள்வி கேக்கறாங்க. முடிஞ்சிருச்சி, இவங்கதான்னு நானே நெனச்சேன்.”

அந்தக் குச்சி எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். ஒருமுறை அதைக் கொண்டு ஒட்டடை அடித்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு போன் வரும். நான் செய்தி பார்க்கும் நேரத்தில் என்ன இந்த லாரிக்காரன்களோடு ஓயாத பேச்சு என்று கத்தியிருக்கிறேன். அந்த ஆறு போன்களும் எதற்கு என்று பினாங்கில், முன்பின் தெரியாத ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

“அப்புறம் எங்க பெர்சனெல் டிபார்ட்மெண்ட் மேடம் ஃபைல திறந்தாங்க” என்றார் புஷ்பா.

எனக்குப் புரிந்துவிட்டது.

“அதே எட்டு வருஷம் ஒரு அட்டப்பெட்டி கம்பெனியில ஆலோசகரா இருந்ததா ஒரு லெட்டர். உண்மைன்னு எழுதி அக்காவோட சைன். மேடம் மலாய்க்காரங்க, ரொம்ப மரியாதயாத்தான் கேட்டாங்க, ரெண்டுல எதும்மா சரின்னு. அக்கா அந்தப் பேப்பர ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்பத்தான் மொத தடவ பாக்கற மாதிரி. நான் பேசுனதுதான் உண்மை, இந்தப் பேப்பர் பொய்யின்னாங்க. யாரு குடுத்ததுன்னு கேட்டதுக்கு, கையெழுத்து என்னோடதுன்னாங்க.”

நான் எழுந்தேன். “அது நான் செஞ்சது. நான் உள்ள வந்து சொல்றேன்.”

“உக்காருங்க அண்ணே. யாரு செஞ்சிருப்பாங்கன்னு உள்ள எல்லாருக்கும் தெரியும்.” அவர் கண் ஒருமுறை என் டையின் மேல் பட்டு விலகியது. “ஆனா பொய் பேப்பர் வந்தா ஃபைல மூடிறணும், இங்க ரூல் அது. மேனேஜர் எவ்வளவோ பேசிப் பாத்தாரு.”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு எட்டு நாள்கூடத் தாங்கவில்லை. பொய்யைப் பிடித்தவர்கள் அதிகாரிகள் இல்லை, பிடித்தது அவள் சொன்ன உண்மை. என் சான்றிதழ் இல்லாமல் அவள் போயிருந்தால் வேலை அவளுடையது. இதில் ஊகத்துக்கே இடமில்லை.

கோமதி வந்தாள். பார்வையாளர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள், புஷ்பாவிடம் நன்றி சொன்னாள், வெளியே நடந்தாள். காரில் ஏறினோம். சந்திரன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வானொலியை அணைத்தார்.

“எடுத்தாச்சுன்னு சொன்னீங்க” என்றாள்.

“தப்பு பண்ணிட்டேன் கோமதி.”

“ரெண்டு தடவ சொன்னீங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “வர்ற செவ்வாக்கிழமை அதே மனுஷன் முகத்துல நான் முழிக்கணும். அதுக்கடுத்த செவ்வாக்கிழமையும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அந்தப் பேப்பர் ஞாபகம் வரும்.”

அதை நான் யோசிக்கவேயில்லை. வேலை போயிற்று என்பதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலை, முதல் நாள் போன அதே ஒட்டுக்கடைக்கு அவளைக் கூட்டிப்போய் லக்சா வாங்கி வைத்தேன். குழம்பு ஆறி, மீன் அடியில் படியும்வரை கிண்ணம் அப்படியே இருந்தது. அழுதிருந்தால்கூட எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவள் கேள்விதான் கேட்டாள்.

“நான் செஞ்சது உங்களுக்குப் பத்தலையாங்க? அதனாலதான் வேற ஒண்ண எழுதினீங்களா?”

அப்படியெல்லாம் இல்லை என்றேன். அப்படித்தான். எட்டு வருடமும் அவள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் உள்ளூர நம்பியிருக்கிறேன். என் அப்பாவைக் குளிப்பாட்டியது, மகளை வளர்த்தது, ஆறு கட்டடத்துக்குத் தண்ணீர் கொடுத்தது, எல்லாவற்றையும் வெற்றிடம் என்று நினைத்து அட்டைப்பெட்டியால் மூடினேன். பதினைந்து வருடமாகப் பையன்களுக்குச் சொல்லித்தந்ததும் இதுதானே. ‘நீ இருக்கிறபடி போனால் எவனும் எடுக்கமாட்டான்.’ எத்தனை பிள்ளைகள் அதை நம்பிவிட்டார்களோ.

கடையை விட்டு எழுவதற்கு முன் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். சான்றிதழ் நான் தயாரித்தது, மனைவிக்குத் தெரியாது, அவள் பேசியது அத்தனையும் நிஜம் என்று. அனுப்பும் முன் கோமதியிடம் கைபேசியை நீட்டினேன். முதல்முறையாக, நான் நீட்டியதை முழுக்கப் படித்தாள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் காலை பதில் வந்தது. இரண்டே வரி. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. முடிவில் மாற்றமில்லை, கோமதியோடு தொடர்ந்து வேலை செய்வதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. நல்ல மனிதர்கள். அது இன்னும் வலித்தது.

விமானம் இரவில். பகலில் எங்கே போகலாம் என்றேன். “ஃபெர்ரில போய்ட்டு வரலாம்” என்றாள். அக்கரை பட்டர்வொர்த்துக்குப் பதினைந்து இருபது நிமிடப் படகு. மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒரு கூட்டமாக ஏறினார்கள். சீருடையோடு சிலர், ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள், உட்கார்ந்ததுமே தூங்கிப்போனார்கள். ஒரு தமிழ்ப் பெண் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு யாரிடமோ போனில், “இல்ல லா, இன்னிக்கி டபுள் ஷிப்டு, நீ சோறு ஆக்கிரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோமதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் படகில் தினமும் போய்வரும் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாகியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

தீவு பின்னால் போயிற்று. கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நானும் போய் நின்றேன். கேள்வித்தாள் இல்லை, கடிகாரம் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கலாம் என்று துணிந்தேன். தாமதம்தான், இருந்தாலும் கேட்டுவிட்டால் ஏதோ ஒன்று நேராகும் என்று ஒரு நப்பாசை.

“கோமதி, அந்தத் தண்ணி லாரி விஷயம், எல்லாத்தையும் எப்படிச் சமாளிச்ச? எனக்குச் சொல்லேன்.”

அவளிடம் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. காற்றில் பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நேத்தே சொல்லிட்டேங்க” என்றாள். “கேட்டவங்ககிட்ட.”